‘‘உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா?’’

அமெரிக்கா போய்விட்டு வருகிறவர்கள் வழக்கமாக நயாகராவைப் பற்றி எழுதுவார்கள். இல்லாவிட்டால் டிஸ்னி உலகம், சுதந்திர தேவி சிலை, பிட்ஸ்பர்க் கோயில் புளியோதரை. நான் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே பிளேனோ என்கிற ஊரில், மகன் வீட்டில் ஐந்து மாதம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் துப்பாக்கியைப் பற்றி நான் பேசிய பேச்சு இருக்கிறதே... முப்பத்தாறு வருட பாங்க் சர்வீஸில் பணத்தைப் பற்றிக்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டேன்!

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள பழக்கம் ரொம்பச் சொற்பம். எங்கள் திருச்சி கிளையின் வாசலில் ஒரு காவலாளி இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மாஜி ராணுவக்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துப்பாக்கிதான் அவரைச் சாயாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை விட்டால் சினிமா. நிஜத்தில் என்றால் 1967 ஜனவரி 12, எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்ட நாள். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் போஸ்டரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. (போலீஸ் சுடுவது தனிக் கணக்கு. அதைப் பற்றி இன்னொரு கட்டுரையே எழுதலாம்.) அறுபது வருஷம் ஆகப்போகிறது. இன்னும் நாங்கள் அந்த ஒரு சம்பவத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிளேனோ போய் இறங்கிய இரண்டாவது வாரம். பேத்திக்கு ஆறு வயது. பக்கத்துத் தெருவில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்கு விளையாடப் போகவேண்டும் என்று அடம். மருமகள் அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் போன் போட்டாள். என்ன சாப்பிடுவாள், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா, நாய் இருக்கிறதா என்றெல்லாம் பேசினாள். கடைசியில் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, ‘‘தப்பா நினைச்சுக்காதீங்க... உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா?’’ என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டை வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த அம்மாள் சாவதானமாக, ‘‘இருக்கு. மூணு இருக்கு. எல்லாம் ஸேஃப்ல பூட்டி இருக்கு. குண்டு தனியா இருக்கு. கேட்டதுக்கு தாங்க்ஸ்’’ என்றிருக்கிறாள்.

‘‘இப்படிக் கேக்கச் சொல்லி டாக்டரே சொல்றார் மாமா’’ என்றாள் மருமகள். ‘‘நீச்சல் குளம் இருக்கான்னு கேக்கற மாதிரிதான்.’’

குழந்தை போகவில்லை. அந்தப் பெண்ணே இங்கே விளையாட வந்தது.

* * *

என் வாதப் பிரதிவாதம் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரரோடுதான். எழுபது வயது. ஆறடிக்கு மேல் உயரம், பெரிய தொப்பி, பெரிய டிரக், அதைவிடப் பெரிய மனசு. ஆயில் கம்பெனியில் வேலை பார்த்தவர். சென்னைக்கு இரண்டு தடவை வந்திருக்கிறார். நான் போன மறுநாளே தோட்டத்துத் தக்காளி ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்தார். அவர் வீட்டில் துப்பாக்கி எத்தனை என்று கேட்டேன். விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டாவது கையில் பாதி வந்தபோது, ‘‘பேரன் வேட்டைக்கு எடுத்துட்டுப் போனதையும் சேர்க்கணுமா?’’ என்றார்.

இவரை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். மேற்கு டெக்ஸாஸில் ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். ‘‘போன் பண்ணினா ஷெரீஃப் வந்து சேர முக்கால் மணி ஆகும் ஸார். காட்டுப் பன்றி வரும், கண்ணாடி விரியன் மாதிரி பாம்பு வரும். எனக்கு எட்டு வயசுல அப்பா ரைபிள் சுடக் கத்துக்குடுத்தார். உங்க அப்பா உங்களுக்கு என்ன கத்துக்குடுத்தார்?’’

‘‘சைக்கிள்’’ என்றேன்.

அவர் பேச்சு எப்போதும் 1791-ல் ஆரம்பிக்கும். அந்த வருஷம்தான் அமெரிக்க அரசியல் சட்டத்தில் இரண்டாவது திருத்தம் வந்தது. இங்கிலீஷில் இருபத்தேழே வார்த்தை. முதல் பாதி குடிப்படையைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாம் பாதி மக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி. இந்த இரண்டு பாதிக்கும் என்ன சம்பந்தம் என்று இருநூறு வருஷத்துக்கு மேல் வக்கீல்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். குடிப்படையில் சேராத தனி மனிதனுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2008-ல்தான் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சொன்னது. 2022-ல் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டுக்கு வெளியே எடுத்துப்போகவும் உரிமை உண்டு என்றார்கள். டெக்ஸாஸ்காரர்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. 2021 செப்டம்பரிலிருந்தே அங்கே 21 வயதானவர்கள், சட்டப்படி தடை எதுவும் இல்லாவிட்டால், லைசென்ஸே இல்லாமல் இடுப்பில் கைத்துப்பாக்கி செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம். வேண்டாம் என்று நினைக்கும் கடைக்காரர்தான் வாசலில் போர்டு மாட்டவேண்டும். மறைத்து எடுத்துவருவதற்கு ஒரு போர்டு, தெரிகிற மாதிரி எடுத்துவருவதற்கு இன்னொரு போர்டு, இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும். ‘செருப்பை இங்கே விடவும்’ போர்டைப் பார்த்த கண்ணுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

நம் நாட்டு நடைமுறையைச் சொன்னேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், கலெக்டரிடம் மனு, போலீஸ் விசாரணை. அதெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக்கூடப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள் என்றேன். மனிதர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

‘‘தேர்தல் சமயத்துலயா? சர்க்கார் கேட்டா குடுத்துடுவீங்களா?’’

‘‘ரசீது தருவாங்க.’’

‘‘இங்க அப்படிக் கேட்டா அன்னிக்கே புரட்சி ஸார்! சர்க்கார் எல்லை மீறினா எதுத்து நிக்கத்தானே அந்தத் திருத்தமே!’’

நான் யோசித்துப் பார்த்தேன். எங்களுக்கு சர்க்கார் என்றால் எரிச்சல் வரும், பயம் வரும், லஞ்சம் கொடுக்கத் தோன்றும். சுட்டுவிடலாம் என்று மட்டும் தோன்றியது கிடையாது. வோட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புவதோடு நம் கோபம் தீர்ந்துவிடுகிறது.

உடனே மனிதர் காந்தியை இழுத்தார்! இந்தியர்களிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கிய பிரிட்டிஷ் சட்டத்தை காந்தியே கடுமையாகக் கண்டித்தாரே என்றார். உண்மைதான். ‘சத்திய சோதனை’யில் இருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கி அபிமானிகளுக்கு அது ரொம்பப் பிடித்தமான வாக்கியம். ஆனால் எந்த இடத்தில் வருகிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. 1918-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்க்க காந்தி போட்ட துண்டுப் பிரசுரத்தில் வைத்த வாதம் அது. ‘‘அப்புறம் அவர் துப்பாக்கி இல்லாமலேதான் வெள்ளைக்காரனை அனுப்பினார். 1948-ல் அவரை அனுப்பினதுதான் துப்பாக்கி’’ என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அன்றைக்கு எனக்கு ஒரு பாயின்ட்.

மறுநாளே வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

‘‘அமெரிக்காவில் 2022-ல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,204 பேர்’’ என்று நான் ஆரம்பித்தேன். மகனுடைய கம்ப்யூட்டரில் தேடி எழுதிவைத்திருந்தேன். அவர் அசரவில்லை. ‘‘அதே வருஷம் உங்க நாட்டு ரோட்டுல எத்தனை பேர்?’’ என்றார். அதையும் தேடினோம். 1,68,491! சர்க்கார் கணக்கே அது. பாங்க்காரன் புத்தி, ஜனத்தொகையால் வகுத்துப் பார்த்தேன். அமெரிக்காவில் துப்பாக்கிக்கு லட்சத்துக்குப் பதினாலரை பேர். இந்தியாவில் ரோட்டுக்கு லட்சத்துக்குப் பன்னிரண்டு பேர். கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

‘‘மெட்ராஸ்ல நான் பார்த்தேன் ஸார். ஒரே ஸ்கூட்டர்ல நாலு பேர். முன்னாடி ஒரு குழந்தை நின்னுக்கிட்டு வருது. ஹெல்மெட் கண்ணாடில தொங்குது. என் துப்பாக்கியாவது பூட்டி இருக்கு.’’

‘‘அதுக்காக நாங்க அரசியல் சட்டத்துல உரிமை கேக்கலையே!’’

சொல்லிவிட்டேனே தவிர, 2015-ல் சென்னை ஹைகோர்ட் ஹெல்மெட் கட்டாயம் என்றபோது முடி கொட்டும், கழுத்து வலிக்கும், காது கேட்காது என்று நம் ஜனங்கள் போட்ட கூச்சல் ஞாபகத்துக்கு வந்தது. அதை அவரிடம் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

* * *

பிளேனோவுக்கு அடுத்த ஊர் ஆலன். அங்கே ஒரு பெரிய அவுட்லெட் மால் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் அப்பா அம்மாக்களை முதல் வாரமே அழைத்துப்போகும் இடம். கைப்பை, சென்ட், ஷூ எல்லாம் தள்ளுபடியில் கிடைக்கும். என் மனைவிகூட ஏழு கைப்பை வாங்கினாள். யார் யாருக்கு என்று லிஸ்ட் வேறு.

2023 மே 6, சனிக்கிழமை சாயங்காலம், அந்த மாலில் ஒருவன் காரை விட்டு இறங்கிச் சுட ஆரம்பித்தான். எட்டுப் பேர் போய்விட்டார்கள். அதில் ஒரு மூன்று வயதுக் குழந்தை. ஹைதராபாத் பக்கத்திலிருந்து வந்து எஞ்சினியராக வேலை பார்த்துக்கொண்டிருந்த நம் நாட்டுப் பெண் ஒருத்தி. வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்குமோ.

‘‘பாத்தீங்களா, நிறுத்தினது துப்பாக்கிதான்’’ என்றார் தொப்பிக்காரர். ஃபோர்ட் வொர்த் பக்கத்தில் 2019 டிசம்பரில் ஒரு சர்ச்சில் நடந்ததையும் சொன்னார். பிரார்த்தனை நடுவில் ஒருவன் இரண்டு பேரைச் சுட்டான். ஆறே விநாடியில் சர்ச்சின் காவல் குழுவைச் சேர்ந்தவர் அவனை வீழ்த்திவிட்டார். அதுவும் நிஜம்.

‘‘யுவால்டி?’’ என்றேன்.

மனிதர் முகம் சுருங்கிவிட்டது. 2022 மே 24, இதே டெக்ஸாஸில் அந்தச் சின்ன ஊரின் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது குழந்தைகள், இரண்டு டீச்சர்கள். சுட்டவன் பதினெட்டு வயது நிரம்பிய கையோடு கடையில் முறைப்படி ரைபிள் வாங்கியவன். (அந்த ஊரில் பீர் வாங்க இருபத்தொன்று ஆகவேண்டும், ரைபிள் வாங்கப் பதினெட்டு போதும்.) வந்து குவிந்த போலீஸார் 376 பேர். எல்லார் கையிலும் துப்பாக்கி. வகுப்பறைக் கதவைத் திறந்து அவனைச் சுட 77 நிமிஷம் ஆயிற்று.

ரொம்ப நேரம் கழித்து, ‘‘அது மனுஷங்களோட அவமானம். துப்பாக்கியோடது இல்லே’’ என்றார். அப்புறம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை.

யுவால்டிக்குப் பிறகு வாஷிங்டனில் ஒரு சட்டம் வந்தது. 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வாங்க வந்தால் இன்னும் கொஞ்சம் ஆழமாக விசாரிக்கச் சொல்லும் சட்டம். அதற்கே முப்பது வருஷத்தில் இல்லாத சாதனை என்று பேசிக்கொண்டார்கள். 2012-ல் கனெக்டிகட்டில் ஒரு பள்ளியில் இருபது சின்னக் குழந்தைகள் போன பிறகு கொண்டுவந்த மசோதா, செனட்டில் 54 வோட்டு வாங்கியும் தோற்றது. அங்கே அறுபது வேண்டுமாம்.

இதெல்லாம் பெரியவர்கள் விஷயம். பேத்தி ஒரு நாள் என்னிடம் சொன்னாள்:

‘‘தாத்தா, நடந்தா லைட் எரியுமே, அந்த ஷூ எனக்கு வேண்டாம்.’’

‘‘ஏன் கண்ணு? ஆசையா கேட்டியே?’’

‘‘ஸ்கூல்ல ட்ரில் இருக்கும். கெட்டவன் வந்தா லைட்டை அணைச்சுட்டு மூலைல ஒளிஞ்சுக்கணும். பேசக்கூடாது. என் ஷூ மட்டும் எரிஞ்சா காட்டிக்குடுத்துடும் இல்லியா?’’

கண்ணாமூச்சி விதியை விளக்குகிற குரலில்தான் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. டாலஸ் பள்ளிகளில் 2023-ல் இதைச் சொல்லிக்கொடுக்க வின்னி த பூ கரடி பொம்மைப் படம் போட்ட புத்தகமே குழந்தைகளிடம் கொடுத்தனுப்பினார்களாம். ஓடு, ஒளி, முடியாவிட்டால் போராடு என்று கரடி சொல்கிறது.

* * *

இப்போது வீட்டுக்குள் நடந்ததற்கு வருகிறேன்.

எங்கள் வரிசையில் நாலாவது வீட்டில் திருட்டு. ஆள் இல்லாத நேரத்தில் பின்கதவை உடைத்து நகையை எடுத்துப்போய்விட்டார்கள். இந்தியர் வீடு என்றால் தங்கம் இருக்கும் என்பது அங்கேயும் தெரிந்துபோயிருக்கிறது! அன்று ராத்திரியே மகன், ‘‘அப்பா, நானும் ஒண்ணு வாங்கிடலாம்னு பாக்கறேன்’’ என்றான். எச்-1பி விசாவில் இருந்தவரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அந்த விசாக்காரர்களுக்குப் பொதுவாக விற்கக்கூடாது. இப்போது கிரீன் கார்டு வந்துவிட்டது. கிரீன் கார்டுக்கு பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது நாங்கள்தான்!

கடைக்கு நானும் போனேன். தியாகராய நகர் ஜவுளிக்கடை மாதிரி வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். பெண்களுக்கென்று ரோஸ் கலரில்கூட உண்டு. விற்கிற பையன் தங்கமான பையன். ‘‘கனமா இருக்கா, இன்னொண்ணு காட்டட்டுமா?’’ என்று அலுக்காமல் எடுத்து எடுத்துப் போட்டான். வாங்குவதற்கு ஒரு பாரம். நீ தலைமறைவுக் குற்றவாளியா, போதைப்பொருள் பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்கிறது. ஆமாம் என்று எழுதுகிற மகானுபாவன் யார் என்று தெரியவில்லை. பிறகு மத்திய அரசின் பதிவேட்டில் விசாரிக்கிறார்கள். பெரும்பாலும் சில நிமிஷத்தில் பதில் வந்துவிடும். நம்மூரில் ரேஷன் கார்டில் ஒரு பெயர் சேர்க்க... சரி, விடுங்கள். கடை இல்லாமல் ஒரு தனி ஆள் இன்னொருவருக்கு விற்றால் டெக்ஸாஸில் இந்த விசாரணையும் கட்டாயமில்லை.

மகன் விலை கேட்டுவிட்டு, யோசிக்கிறேன் என்று திரும்பிவிட்டான்.

எதிர் வீட்டில் ஒரு அம்மாள். டாலஸில் எமர்ஜென்ஸி வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். அவரும் டெக்ஸாஸ்காரர்தான், ஆனால் வீட்டில் துப்பாக்கி இல்லை. அப்படிப்பட்டவர்கள்தான் அமெரிக்காவில் அதிகம் என்பது எனக்கே அங்கே போய்த்தான் தெரிந்தது. 2023-ல் பியூ நிறுவனம் எடுத்த கணக்கின்படி, தன் பெயரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மூன்றில் ஒருவர்தான். நாட்டில் இருக்கும் துப்பாக்கிகளோ ஜனத்தொகையைவிட அதிகம்! 2017 மதிப்பீட்டில் 39 கோடிக்கு மேல். கையில் இருப்பவனிடம்தான் குவிந்திருக்கிறது, நம்மூர்த் தங்கம் போல.

அந்த அம்மாளிடம் கடைக்குப் போன கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

‘‘டி.வி.யில வர்ற கேஸ் எனக்கு ரொம்பக் கம்மியாத்தான் வந்தது’’ என்றார். ‘‘இந்த நாட்டுல துப்பாக்கியால சாகறவங்கள்ல பாதிக்கு மேல தன்னையே சுட்டுக்கிட்டவங்க. மாத்திரை முழுங்கினவங்களை நான் நிறையப் பேரைக் காப்பாத்தி அனுப்பியிருக்கேன். மறு வாரம் வந்து பூங்கொத்து குடுப்பாங்க. துப்பாக்கி எடுத்தவங்களுக்கு அந்த மறு வாரம் கிடைக்காது. திருடன் வரானோ இல்லையோ, வீட்ல இருக்கறவங்களுக்குக் கெட்ட ராத்திரி வரும். அன்னிக்கு அது கையெட்டற தூரத்துல இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.’’

அப்புறம் நானும் பார்த்தேன். 2023-ல் 46,728 சாவில் 27,300 தற்கொலை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த ஊர்ச் செய்தி பார்க்கும் விதமே மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. மகனுடைய ஆபீஸில் இரண்டு மாதமாக ஆட்குறைப்பு. அவன் டீமிலேயே மூன்று பேர் போய்விட்டார்கள். சில ராத்திரிகளில் இரண்டு மணிக்கு நான் பாத்ரூம் போக எழுந்தால், அவன் ஹாலில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பான். ‘‘தூக்கம் வரலைப்பா’’ என்பான். நான் அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ராத்திரி சாப்பாட்டில் அவளே ஆரம்பித்தாள். ‘‘துப்பாக்கி வாங்கற பேச்சு வேண்டாம்டா.’’

‘‘அம்மா, திருடன் வந்தா?’’

‘‘நகையை எடுத்துண்டு போகட்டும். வளையல்தானே? நான் கழட்டியே குடுத்துடறேன்.’’

மருமகள் குறுக்கே வந்தாள். ‘‘திருடன் என்னிக்கோ ஒரு நாள் வருவான். அது 365 நாளும் இந்த வீட்ல இருக்குமேங்க. இவ கைக்கும் எட்டும்.’’ என்று குழந்தையைக் காட்டினாள்.

என் மனைவி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘‘உனக்குத் தூக்கம் வராத ராத்திரியில எங்களை எழுப்பு. ரெண்டு பேரும் சும்மாதானே தூங்கறோம்.’’

அவன் ஒன்றும் பேசவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, ‘‘சரிம்மா’’ என்றான். கண் கலங்கியிருந்த மாதிரி தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டு ராத்திரி என்னை எழுப்பவும் எழுப்பினான். மூன்று மணி வரைக்கும் திருச்சி கதை பேசிக்கொண்டிருந்தோம்.

துப்பாக்கிக்குப் பதில் வாசலிலும் கொல்லையிலும் ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கும், காமிரா வைத்த காலிங் பெல்லும் ஆர்டர் செய்தான். வந்துசேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். தொப்பிக்காரரிடம் சொன்னேன். தோளில் தட்டி, ‘‘கவலையே படாதீங்க ஸார். விளக்கு வர்ற வரைக்கும் உங்க வீட்டையும் சேர்த்து நான் பாத்துக்கறேன். எனக்கு ராத்திரி தூக்கமே கிடையாது’’ என்றார்.

இதை நான் பெருமையாக வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே மருமகள் ஒரு கதை சொல்லியிருந்தாள். 1992-ல் லூசியானாவில், படிக்க வந்த பதினாறு வயது ஜப்பானியப் பையன் ஹாலோவீன் பார்ட்டிக்குப் போகும்போது தவறுதலாக வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி, அசையாதே என்று இங்கிலீஷில் கத்தியது அந்தப் பையனுக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது. சிரித்த முகமாகக் கிட்டே போனான். சுட்டுவிட்டார். கோர்ட்டில் விடுதலையும் ஆகிவிட்டார். பையனின் அப்பா அம்மா பதினேழு லட்சம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் ஜனாதிபதி கிளின்டனைப் பார்த்தார்கள்.

‘‘அவர் நல்ல மனுஷர்தான், நான் இல்லேங்கல’’ என்றாள் என் மனைவி. ‘‘விளக்கு வந்து மாட்டற வரைக்கும் ராத்திரி வேட்டியும் பனியனுமா கொல்லைப் பக்கம் போய் நிக்காதீங்க. அவருக்கு உங்களைத் தொப்பி இல்லாம அடையாளம் தெரியுதோ என்னமோ.’’